உடைந்த பீட்ரூட்

காய்கறி மண்டியில் உடைந்துபோகிற பீட்ரூட் எல்லாம் மூட்டை தூக்குகிறவர்களுக்குத்தான். அதன் சாயம் குடலுக்கு நல்லது, நோயை அண்டவிடாது என்று மண்டிக் கணக்கர் சொன்னதிலிருந்து சென்றாயன் வீட்டில் தினமும் அதே பொரியல். வெளிக்குச் சிவப்பாகப் போகிறது என்று அவன் சொன்னபோது, "பீட்ரூட்டத் தின்னா மல்லியப்பூவாட்டமா போகும்? வேலைக்குப் போய்யா" என்று சிரித்தாள் அவன் மனைவி பேச்சி. அவனும் சிரித்துவிட்டுப் போனான்.

எட்டு மாதம் கழித்து, பெருங்குடலில் புற்று என்று சொன்ன டாக்டர், "இத்தன நாளா ரத்தம் போயிருக்கே, வீட்ல யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலைங்க சார்" என்று சென்றாயன் முந்திக்கொண்டான்.

"எங்கிட்டச் சொன்னாருங்க" என்றாள் பேச்சி. மேசைக்கடியில் அவன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான், போதும் என்பதுபோல.