பொய்க்குத் திறக்காத கதவு

மூன்றே பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனம் உருவாக்கிய புதுக் கணினி விளையாட்டு அது. மைக்கில் உண்மை பேசினால்தான் அதில் கதவுகள் திறக்கும். வாங்குவதற்கு முன் இன்பராஜ் மனைவி அமுதவல்லியோடு ஆடிப் பார்த்தான்.

அமுதவல்லி சிரித்தபடியே, "இவருக்காக வேலையை விட்டதுல எனக்கு வருத்தமே இல்ல" என்றாள். கதவு அசையவில்லை. திரும்பவும் சொன்னாள். அப்போதும் திறக்கவில்லை. அதோடு இலவச ஆட்டம் முடிந்து, வாங்குகிறீர்களா என்று திரை கேட்டது.

இன்பராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தான், மூடினான்.

"மெஷின்தானே, தப்பா எடுத்திருக்கும். இது நமக்கு வேணாம்."

"தப்பா எடுக்கல" என்றாள் அவள்.

வாங்கும் பொத்தானை அவளே அழுத்தி, மைக்கை அவனிடம் நீட்டினாள். "அடுத்த கதவு உங்களுது. நான் வேலையை விடணும்னு நீங்க ஆசைப்பட்டீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றான்.

கதவு உடனே திறந்தது.