லேத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்

கடை கடையாக ஏறி இறங்கி, சபாபதி தன் வீட்டு ஷெட்டில் முதன்முதலாக இரும்பு கடையும் லேத்து ஒன்றை வாங்கிப் போட்டார். பொட்டு வைத்தார். ஓட்டும்போது நறுக்கிப் போட ஓர் எலுமிச்சம்பழமும் வைத்தார். ஓட்டத்தான் மனசு வரவில்லை. தினமும் அது மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், அதன் காலுக்கடியில் தகடு செருகுவார், “சின்னதாகவே வாங்கியிருக்கலாமோ” என்று முணுமுணுத்தபடி போய்விடுவார்.

“நான் கோணலாகவா நிற்கிறேன்?” லேத்து பயந்துபோய்க் கேட்டது. “திருப்பி அனுப்பிவிடுவாரோ?”

“என் குமிழி முதல் நாளே நடுவில் வந்து நின்றுவிட்டது,” என்றது ரசமட்டம். “சுவிட்சு வரை போய்விட்டு அவர்தான் திரும்பிவிடுகிறார்.”

“நான் காய்ந்துகொண்டே வருகிறேனே!” என்று புலம்பியது எலுமிச்சம்பழம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சபாபதி குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். சுருங்கிக் கறுத்திருந்த பழத்தைக் கையில் எடுத்தார்.

“இன்றைக்குத்தான்!” என்று லேத்து படபடத்தது.

சபாபதி பழத்தை ஜன்னல் வழியே வீசினார். பையிலிருந்து புதுப் பழம் ஒன்றை எடுத்து அதே இடத்தில் வைத்தார். பிறகு ரசமட்டத்தை எடுத்தார்.