பச்சைப் பிள்ளைங்க இருக்கிற வீடு

"என்னங்க, அங்கேயே நில்லுங்க! பச்சைப் பிள்ளைங்க இருக்கிற வீடு!"

வேலை முடிந்து வந்தவர் பின்வாசலிலேயே சட்டையைக் கழற்றினார். மனைவி சோப்பை நீட்டினாள்.

"தலையோட குளிங்க. போன தடவை மாதிரி ஆயிடுச்சுன்னா உங்க பொண்ணு ஜென்மத்துக்கும் பேச மாட்டா."

"நீ பெத்தப்பகூட இவ்வளவு கெடுபிடி இல்லடி!"

முணுமுணுத்தபடியே தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு, பூனைபோல் அறைக்குள் நுழைந்தார். மகள் உதட்டில் விரலை வைத்தாள்.

"காலையிலதான்பா பிறந்துச்சு. எல்லாம் சௌக்கியம்."

இளஞ்சூட்டில் வைத்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முட்டை அட்டைகளுக்கு நடுவே, கேரட் துண்டை மொய்த்துக்கொண்டு, எள்ளைக் கொட்டியதுபோல் கரப்பான் குஞ்சுகள்! ஏழாவது படிக்கும் மகளின் செல்ல ஓணானுக்கு இனிச் சாப்பாட்டுக் கவலை இல்லை. போன தடவை இவர் சட்டை வாசனைக்கே அத்தனையும் மல்லாந்துவிட்டன.

போன் அடித்தது. எடுத்ததுமே எதிர்முனையில் ஒருவர் கத்தினார்.

"பூச்சி மருந்து அடிக்கிறவர்தானே? எங்க வீட்டுல ஒரு கரப்பான்கூட உயிரோட இருக்கக் கூடாது சார்!"

அவர் பதறிப்போய், பெட்டியை விட்டு நகர்ந்து கிசுகிசுத்தார்.

"மெதுவாப் பேசுங்க சார், குழந்தைங்க காதுல விழுந்துடப் போகுது!"