மிதிபட்ட சாமந்தி

அவன் நடுத்தெருவில் குப்புறப் படுத்துவிட்டான்.

பின்னால் அவளுடைய அப்பாவின் பாடை நிற்கிறது. தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொள்கிறார்கள்.

தெருமுனை வந்தால் ஊர்வலம் கொஞ்சம் நிற்கும். பெண்கள் அதற்கு மேல் வரக் கூடாது. அழுது முடித்துத் திரும்பிவிட வேண்டும்.

அந்த இடைவெளி அவள் கணவனுக்குப் போதுமாக இருந்தது.

வழியில் இறைத்த பூவில் ஒரு சாமந்தி, யாரோ மிதித்து நசுங்கிக் கிடந்தது. அதன் முன்னால்தான் கிடக்கிறான். ஈர வேட்டி, வெறும் மார்பு, கையில் கேமரா. 'மாமா ஞாபகமா நாலு படம்' என்று சொல்லிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தது.

கொள்ளிச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டான்.

அவளுக்கு உடன்பிறந்தவன் இல்லை. "மாப்பிள்ளை கையால கொள்ளி விழுந்தா போதும்மா" என்றுதான் அப்பா கடைசியாகக் கேட்டார்.

அந்தக் கேமராவின் லென்ஸும் அவர் கொடுத்ததுதான். தலைதீபாவளிக்கு மோதிரம் வேண்டாம், லென்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கிய மகான்.

வாங்கி என்னத்தை எடுத்தான்? செத்த தும்பி. முட்டை ஓடு. காப்பியில் படிந்த ஆடை. எல்லாவற்றுக்கும் கீழே 'நிலையாமை' என்று போட்டுக்கொள்வான். அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள்கூடப் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த வாடை ஒத்துக்கொள்ளாதாம்.

"எந்திரிங்க மாப்பிள்ளை," என்றார் சித்தப்பா. கெஞ்சலாகத்தான் சொன்னார். மாப்பிள்ளையை யார் அதட்டுவது?

மேளம் நின்றுவிட்டது.

சட்டியில் புகை மெலிந்துகொண்டே வந்தது.

அவள் பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினாள்.

அவன் தலைமாட்டில் நின்று பார்த்தாள். சாமந்தி இதழில் செருப்பின் வரிகள். வரிகளுக்குள் வெயில்.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"கொஞ்சம் தள்ளுங்க. நிழல் விழுது," என்றான், யாரென்று பார்க்காமலே.

தள்ளி நின்றாள்.

குனிந்து சட்டியை எடுத்தாள். ஊதினாள். சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது. மறுபடி ஊதினாள்.

கனல் பிடித்தது.

சித்தப்பா ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் தெருமுனையைத் தாண்டினாள்.

மேளம் தொடங்கியது. பாடை கிளம்பியது.

தூக்கியவர்கள் அவனை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.