பெயர் போடாத கணக்கு

காட்டுக்குள் இருந்த அணைக்கட்டுக் குடியிருப்பின் கடைசி வீட்டில் காலைப் பலகாரத்துக்கு நான்கு பேர் இருந்தார்கள்: மதகுக் காவலர் தவசிலிங்கம், அவர் மனைவி அமுதவல்லி, பதினான்கு வயது மகள் பூவிழி, விருந்துக்கு வந்து இரண்டு வருடமாகத் தங்கிவிட்ட அமுதவல்லியின் தம்பி கந்தவேல்.

நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த நலக் கணக்கெடுப்பை, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அரசு ஊர்வாரியாக இணையத்தில் போட்டிருந்தது. யார் பெயரும் அதில் இல்லை.

"அத்தான், நம்ம காட்டையும் ஒரு ஊருன்னு போட்டுட்டான் பாருங்க!" கந்தவேல் சிரித்தபடி கைபேசியை நீட்டினான். "பொம்பளப் புள்ள மொத்தமே ஒண்ணுதானாம். நம்ம மகாராணிதான்!"

தவசிலிங்கமும் சிரித்துக்கொண்டே உரக்கப் படித்தார். "வீட்டிலுள்ள ஒருவரோடு தனியாக இருக்கப் பயப்படும் பெண் பிள்ளைகள்: ஒன்று."

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். மகளைப் பார்த்தார்.

"என்னப் பாத்தாலா பயம்?"

பூவிழி இல்லையென்று தலையசைத்தாள்.

"அம்மாவப் பாத்தா?"

அதற்கும் இல்லை.

தவசிலிங்கம் கந்தவேல் பக்கம் திரும்பினார்.

"யக்கா, புள்ளைங்க விளையாட்டுக்கு எதையாச்சும் எழுதும்" என்றான் கந்தவேல்.

அமுதவல்லி கைகூடக் கழுவவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்து எழுப்பி வாசலுக்கு வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.