நோராவின் தப்புகள்

"அரையும் மூணில் ஒண்ணும் சேர்ந்தா, அஞ்சில் ரெண்டு. சரியாம்மா?"

நோரா சிலேட்டை நீட்டினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா ஜோசஃபின் திரும்பவேயில்லை.

சமையலறையிலிருந்து டோரீன் அத்தை வேகமாக வந்தாள்.

"ஏண்டி, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அம்மா இருக்கிற இருப்புல உன் கணக்கு ஒரு கேடா?"

நோரா சிலேட்டை இன்னும் கொஞ்சம் அம்மா பக்கம் நகர்த்தினாள்.

அது 1934-ஆம் வருஷம். மழைக்காலத்தில் வந்த டைபாய்டு காய்ச்சல், அந்த வீட்டின் நாலு வயதுப் பிள்ளை யூஜினைக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவள்தான் ஜோசஃபின். கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். கலகலவென்று பேசுகிறவள். இப்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் பதில் வருவதில்லை.

சாயங்காலமானால் அல்சூர் ஏரிப் பக்கமிருந்து பனி மெல்ல மெல்லத் தெருவுக்குள் நகர்ந்து வரும். எதிர்வீடு மறையும், வேப்பமரம் மறையும், போகிற ஜட்கா வண்டியின் மணிச்சத்தம் மட்டும் மிதக்கும். ஜோசஃபின் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், அதற்குள்ளிருந்து யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல.

"அஞ்சில் ரெண்டுதானேம்மா?"

"இல்லை."

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜோசஃபின் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலயும் கீழயும் அப்படியே கூட்டக் கூடாது."

"ஏம்மா கூடாது?"

ஜோசஃபின் தூக்கத்தில் நடப்பவள்போல எழுந்து போய் ஒரு கொய்யாப்பழமும் கத்தியும் எடுத்து வந்தாள். பழத்தை ஆறாக நறுக்கினாள்.

"இதுல பாதி எடு. மூணு துண்டு. மூணில் ஒரு பங்கு எடு. ரெண்டு துண்டு. இப்ப எத்தனை?"

"அஞ்சு."

"ஆறில் அஞ்சு. புரியுதா?"

"புரியலைம்மா."

ஜோசஃபின் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சொல்லிக்கொண்டே, மீதி இருந்த ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் இதேதான். நோரா எதையாவது தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வந்து நிற்பாள். ஒருநாள் இங்கிலீஷ் இலக்கணம்.

"'யெஸ்டர்டே ஹி கம்ஸ்'னு எழுதியிருக்கேம்மா."

"'கேம்'னு எழுதணும். அது நேத்து நடந்தது இல்லையா? நடந்து முடிஞ்சதுக்குச் சொல்லே வேறம்மா. அது இனிமே..."

ஜோசஃபின் பாதியில் நிறுத்தினாள். முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிள்ளையை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

அத்தைக்குத் தாங்கவில்லை. தம்பி தியோடர் ரயில்வே ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பொண்ணு ஒரு மக்கு. அதுகூடப் பரவாயில்லைடா. பெத்தவளை இப்படிப் படுத்தி எடுக்குதே, அதைத்தான் பொறுக்க முடியலை! கிளாஸ் பாடம் தலையில ஏறலைன்னா ஒரு வருஷம் அதே கிளாஸ்ல உக்காரட்டும். ஜோசஃபினை விட்டுடச் சொல்லு."

தியோடருக்கும் அது சரியென்றுதான் பட்டது. மறுநாள் அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"டீச்சர், எங்க நோராவை அடுத்த வருஷமும் இதே கிளாஸ்ல வெச்சுக்கணும். இங்கிலீஷ் வரலை, கணக்கும் வரலை. வீட்டுல அவ அம்மாவைப் போட்டுத் தொல்லை பண்றா."

கிளாஸ் டீச்சர் பெட்டி அவரை வியப்போடு பார்த்தார்.

"எந்த நோராவைச் சொல்றீங்க?"

"எங்க பொண்ணு நோராதான். உங்க கிளாஸ்தானே?"

"என்ன சார் சொல்றீங்க? ரெண்டு பாடத்துலயும் அவதானே முதல்! பின்னம் புரியாத பிள்ளைங்களை நான் அவகிட்டதான் அனுப்புறேன். ஒரு தடவை சொன்னாப் போதும், அப்படியே பிடிச்சுக்குவா."

தியோடர் எப்படி எழுந்து வெளியே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. பொய் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் இல்லை, தினமும். துக்கத்தில் இருக்கிற அம்மாவிடம் போய் என்ன விளையாட்டு இது? கோபம் ஏற ஏற நடை வேகமாயிற்று.

வீட்டை நெருங்கும்போது பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. யார் என்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டார். ஜோசஃபின்! "இதே தப்பைத்தானேடி நேத்தும் பண்ணினே?" என்று பழைய டீச்சராக அதட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் பார்த்ததும் நோரா வாசலுக்கு வந்தாள்.

"பெட்டி டீச்சரைப் பார்த்துட்டு வரேன்" என்றார் தியோடர். "எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே ஏன் இப்படித் தப்புத் தப்பா எழுதுறே?"

நோரா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்கப்பா, அம்மாவுக்குக் கேட்டுடப் போகுது. சரியா எழுதிக் காட்டினா அம்மா ஒண்ணும் சொல்லாம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறாங்க. தப்பா எழுதினாத்தான் பேசுறாங்க."