குள்ளவீரன் தொங்குகிறான்

“டேய், என் குள்ளவீரன் போன பனிக்காலத்துலேர்ந்து மலை விளிம்புல தொங்குறான். விழுந்தானா, பொழைச்சானா? சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்கடா!” மார்லிஸ் மேசையைத் தட்டினாள்.

மில்வாக்கியில் கர்ட் வீட்டு நிலவறையில், ஆளுக்கொரு கற்பனை வீரனாகிப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம் அப்படியே நின்றிருந்தது. பழைய விதிப்புத்தகத்தை கர்ட் விடமாட்டான். திருத்திய பதிப்புதான் வேண்டும் என்பான் டுவேன்.

“புதுசெல்லாம் பால்குடிப் பசங்களுக்குடா,” என்றான் கர்ட்.

“பழசைக் கொண்டுபோய் மியூசியத்துல வை!”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இந்த இருபது முகப் பகடையை ஆளுக்கொரு தடவை உருட்டுங்க. ஜெயிச்சவன் புத்தகம்தான் இனிமே,” என்றாள் மார்லிஸ்.

கர்ட்டுக்கு இரண்டு விழுந்தது. டுவேனுக்குப் பத்தொன்பது.

“ஜெயிச்சுட்டேன்!” இருவரும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்தார்கள்.

மார்லிஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். பழைய விதிப்படி சின்ன எண்ணுக்குத்தான் வெற்றி. அதைப் பெரிய எண்ணுக்கு மாற்றியதுதான் புதுப் பதிப்பின் ஒரே திருத்தம்.